அஸ்தம்பட்டியைக் "கண்டுபிடித்தவர்கள்"!

அஸ்தம்பட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்!

கண்டுபிடித்தவர்கள் யார்? சேலத்திலிருந்து ஏற்காடு மலைக்குக் காரில் போகிற கனவான்கள். போகிற வழியில் ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் காரை நிறுத்துகிறார்கள். கையில் செல்போன். தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிற அம்மாளைப் படம் பிடிக்கிறார்கள். ஒரு வாய் தின்கிறார்கள்; கண்ணை மூடுகிறார்கள்; தலையை ஆட்டுகிறார்கள். "யாருக்குமே தெரியாத கடை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம்!" என்று ஊர் உலகத்துக்கு அறிவிக்கிறார்கள்.

யாருக்குமே தெரியாத கடையா? ஷிப்டு விட்டு வருகிற மில் தொழிலாளிக்கு அந்தக் கடை தெரியும். கட்டிட வேலை முடித்து பஸ்ஸுக்கு நிற்கிற சித்தாளுக்குத் தெரியும். கூலி வாங்கிய கையோடு பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிற கூலிக்காரனுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது கனவான்களுக்கு மட்டும்தான்!

1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைப் பக்கம் வந்து இறங்கினான். இந்தியாவுக்கு வழி கண்டுபிடித்த மகான் என்று வெள்ளைக்காரன் புத்தகம் எழுதிவைத்தான். அவன் வருவதற்கு முன்னால் அங்கே மிளகு விளைவித்தவனும் விற்றவனும் காணாமல் போயிருந்தார்களா? அந்தக் கதைதான் இன்று தட்டுவடை வண்டியிலும் நடக்கிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வெளியூர்க்காரர் வரக்கூடாது என்பது நமது கட்சியல்ல. வரட்டும், வயிறாரத் தின்னட்டும், காசு கொடுக்கட்டும். வண்டிக்காரருக்கு நாலு காசு கூடக் கிடைத்தால் நமக்கும் சந்தோஷமே. படம் பிடிப்பதும் குற்றமல்ல. ஆனால் "எளிமை", "மண் மணம்", "மாறாத அழகு" என்று அவர்கள் புகழ்கிறார்களே, அந்த அழகுக்குப் பின்னால் இருப்பது என்ன? அதைக் கேட்டால் மட்டும் ஏன் செல்போனை அணைத்துவிடுகிறார்கள்? இதுதான் நமது கேள்வி.

பார்த்ததும் பார்க்காததும்

கனவான்கள் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு முன்னால் நின்றும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும், பெருமைக்குரிய இடம்தான். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய கம்பெனி அது. தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த இடம். முதலாளியின் பெயர் தெரியும். நட்சத்திரங்களின் பெயர் தெரியும். செட்டுக்குப் பலகை அறுத்த தச்சன், வர்ணம் பூசியவன், விளக்குத் தூக்கியவன், நூறு பேருக்குச் சோறு வடித்தவள், இவர்கள் பெயர் எந்த வளைவில் எழுதியிருக்கிறது?

அதே அஸ்தம்பட்டியில்தான் மத்திய சிறையின் மதில் நிற்கிறது. 1950 பிப்ரவரி 11 அன்று அந்த மதிலுக்குள் துப்பாக்கி வெடித்தது. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்து விழுந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலபார்ப் பக்கத்து ஏழை விவசாயிகள். நிலத்துக்கும் நெல்லுக்கும் போராடிச் சிறைக்கு வந்தவர்கள். இன்று அந்த மதிலைத் தாண்டித்தான் கார்கள் மலைக்குப் போகின்றன. யாரும் நிறுத்திப் படம் எடுப்பதாகக் காணோம்!

விடியற்காலையில் அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு வந்து பாருங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய திட்டம் அது. தரகன் இல்லை, கமிஷன் இல்லை. அட்டை பெற்ற விவசாயி தன் காய்கறியைத் தானே தராசில் நிறுத்து விற்கலாம். நல்ல திட்டம்தான். ஆனால் அட்டை யாருக்கு? சாகுபடி செய்கிறவருக்கு. நிலமில்லாத கூலிக்காரிக்கு அட்டை ஏது? அவள் கீரைக்கட்டும் எலுமிச்சம்பழமும் வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே, தெரு ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். உள்ளே உட்கார்ந்தால் விவசாயி. வெளியே உட்கார்ந்தால் ஆக்கிரமிப்பு! மண்ணைக் கொத்திய கை இரண்டுக்கும் ஒன்றுதானே?

தட்டில் இருப்பது யாருடைய உழைப்பு?

ஒரு தட்டுவடை செட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

அடியில் ஒரு தட்டுவடை. அதன்மேல் பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும். கேரட், பீட்ரூட் துருவல், நறுக்கிய வெங்காயம், கொஞ்சம் கொத்தமல்லித் தழை. மேலே இன்னொரு தட்டுவடை. வாயில் போட்டால் ஒரு நொடியில் கரைந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு நொடிக்கு எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள்!

அரிசி காவேரிப் பாசன வயலில் நாற்று நட்ட பெண்ணின் முதுகு வலி. எண்ணெய் மானாவாரி நிலத்தில் கடலைக்காய் பறித்தவர்களின் நகக்கண். கேரட் நீலகிரிக் குளிரில் விறைத்த விரல். வெங்காய மூட்டை லாரியில் ஏற்றி இறக்கிய சுமைத் தொழிலாளியின் தோள். மாவைப் பிசைந்து, துணியில் வைத்து ஒவ்வொன்றாய்த் தட்டி, கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்பவர்கள் நமது வீட்டுப் பெண்கள்.

அம்மாள் மாலை நாலு மணிக்கு வண்டி தள்ளிக்கொண்டு வருகிறார். கனவான் கண்ணுக்கு அவருடைய வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது. நாம் கேட்டோம்: "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க அக்கா?" அவர் சிரித்தார். "மார்க்கெட்டுக்குப் போவணுமில்ல தம்பி? கோழி கூவறதுக்கு முன்னாடியே எழுந்திரிச்சாத்தான் ஆவும். அப்புறம் துருவறது, அரைக்கறது, பாத்திரம் கழுவறது. கடை போடறதுதான் தம்பி எனக்கு ரெஸ்ட்டு!"

பக்கத்து வண்டியில் கம்பங்கூழ் விற்கிறவர் ஒரு காலத்தில் விசைத்தறி ஓட்டியவர். அதற்கடுத்து குச்சிக்கிழங்கு வேகவைத்து விற்பவர் களத்து வேலைக்குப் போனவர். தறி நின்றது, ஏரி காய்ந்தது, வண்டி வந்தது! இன்றைக்கு ஆலையில் பஞ்சோடு போராடுகிற நமக்கும் நாளைக்கு ஆலை மூடினால் போக்கிடம் எது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் தோழர்களே! வண்டிக்காரர் வேறு ஜாதி அல்ல. வேலை பறிபோன நாம்தான் அவர்.

எழுபது வயதுச் சிரிப்பு

கனவான்களுக்கு மிகவும் பிடித்த படம் ஒன்று உண்டு. முடி நரைத்த பாட்டி அடுப்புக்கு முன்னால் நிற்கிற படம். "இந்த வயதிலும் என்ன உழைப்பு! என்ன சிரிப்பு!" என்று உருகுகிறார்கள்.

நாம் கேட்கிறோம்: எழுபது வயதில் ஒருத்தி நெருப்புக்கு முன்னால் நிற்க வேண்டியிருப்பது அழகா, அவமானமா? உங்கள் வீட்டுத் தாயார் எழுபது வயதில் வண்டி தள்ளினால் படம் எடுத்துப் போடுவீர்களா?

பாட்டி ஆசைக்காக நிற்கவில்லை. நின்றால் சோறு, உட்கார்ந்தால் பட்டினி. முதியோர் பென்ஷனில் மத்திய சர்க்கார் தருகிற பங்கு 60 வயதிலிருந்து 79 வயது வரை மாதம் 200 ரூபாய். பல ஆண்டுகளாக இதே 200! மாநில சர்க்காரின் பங்கையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். நாளைக்கு 40 ரூபாய்! இதில் வீட்டு வாடகை கொடுப்பதா, மாத்திரை வாங்குவதா, உலை வைப்பதா? பாட்டியின் சிரிப்பைப் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். "முப்பது வருஷமாக ஒரே இடத்தில், ஒரே வண்டியில்" என்று வியக்கிறார்கள். முப்பது வருஷம் உழைத்தும் ஒரு கூரை போட முடியவில்லை என்று அதற்கு அர்த்தம்!

தண்டல்காரன் கணக்கு

சம்பாத்தியம் எங்கே போகிறது? பெரும் பங்கு தண்டலுக்குப் போகிறது.

10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது 9,000. ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வான். பிறகு தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வசூல். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி, நூற்றுக்குப் பத்துதானே?" என்பான். தோழர்களே, ஏமாறாதீர்கள்! முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம். ஐம்பதாவது நாளில் பாதிக் கடன் தீர்ந்துவிடுகிறது. ஆக, நூறு நாளில் சராசரியாக நம் கையில் இருந்த அவன் பணம் 4,500 ரூபாய் அளவுதான். அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி. வருஷக் கணக்கில் போட்டால் நூற்றுக்கு 80 ரூபாய்க்கு மேல்! மழை பெய்து கடை போடாத நாளிலும் அவனுக்கு நூறு ரூபாய் வந்தாக வேண்டும். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தண்டல்காரன் மோட்டார் சைக்கிளில் வருகிறான்.

வங்கியில் கடன் கிடையாதா? 2020-ல் தெரு வியாபாரிகளுக்கு என்று மத்திய சர்க்கார் ஒரு கடன் திட்டம் தொடங்கியது. முதல் தவணைக் கடன் 10,000 ரூபாய். 2025-ல் அதை 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆனால் போனதும் கேட்பது என்ன? வியாபாரச் சான்றிதழ், இல்லாவிட்டால் அடையாள அட்டை, அதுவும் இல்லாவிட்டால் உள்ளாட்சியின் சிபாரிசுக் கடிதம். கையில் ஒரு காகிதம் இருந்தால் வங்கி, இல்லாவிட்டால் தண்டல். ஏழையின் வயிறு ஒரு காகிதத்தில் தொங்குகிறது!

சரக்குக்குச் சான்றிதழ், ஆளுக்கு?

சேலத்து வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. இந்த ஊர்ச் சரக்கை வேறு ஊர்க்காரன் பெயர் திருடி விற்க முடியாது. நமது நெசவாளியின் திறமைக்கும், குச்சிக்கிழங்கு விளைவிக்கிற விவசாயியின் உழைப்புக்கும் கிடைத்த மரியாதை அது.

சரக்குக்குச் சான்றிதழ் கொடுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, தெருவில் நின்று விற்கிற மனுஷிக்குச் சான்றிதழ் கொடுக்க மட்டும் ஏன் கை நடுங்குகிறது? அவள் இந்த ஊர்ச் சரக்கு இல்லையா?

இந்த இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. தெருக்கடையின் அழகைப் புகழ்கிற அதே வாய்தான், அடுத்த மாதம் "நகரத்தை அழகுபடுத்த வேண்டும், வண்டிகளை அகற்ற வேண்டும்" என்றும் பேசுகிறது. தமிழ்நாட்டில் எந்த நகரத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரி வருகிறாரா? வண்டியை அகற்று! நடைபாதைக்குப் புதுக் கல் பதிக்கிறார்களா? வண்டியை அகற்று! அகற்றிய இடத்தில் பிறகு என்ன வருகிறது? கண்ணாடி போட்ட பெரிய கடை வருகிறது. அங்கே நமது தட்டுவடை செட்டையே பீங்கான் தட்டில் வைத்துப் பல மடங்கு விலைக்கு விற்பார்கள். சுவரில் அந்தப் பாட்டியின் படத்தை மாட்டிவைப்பார்கள். படம் சுவரில், பாட்டி தெருவிலும் இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

தெருவில் வியாபாரம் செய்வது பிச்சையல்ல, உரிமை. அது அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமையில் அடங்கும் என்று 1989-ல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம், குறிப்பிட்ட ஒரு இடத்தையே சொந்தமாகக் கேட்க முடியாது என்றும் சொன்னது. ஒப்புக்கொள்கிறோம். நாடு முழுவதும் தெரு வியாபாரிகள் சங்கம் வைத்துப் போராடியதன் பலனாக 2014-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டமே செய்தது. அதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு முடிந்து, அனைவருக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

இரண்டாவது, நகர விற்பனைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளே; வியாபாரிகளே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

மூன்றாவது, இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளானால் கேட்ட அன்றைக்கே, மற்றவையானால் இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

நான்காவது, 50 ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் தெருச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவித்துப் பாதுகாக்க வேண்டும்.

படித்துப் பார்த்தால் நல்ல சட்டம். ஆனால் தராசைத் தூக்கி லாரியில் எறிகிறவனிடம் "பட்டியல் எங்கே?" என்று கேட்க எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் தனி ஆளாக நின்று கேட்கத் தைரியம் வருமா?

"நெரிசல்" என்கிறவர்களுக்கு

"வண்டிகளால் ரோட்டில் நெரிசல்" என்கிறார்கள். சனி ஞாயிறுகளில் ஏற்காடு போகும் பாதையில் வந்து பாருங்கள். நெரிசல் யாரால்? ஒரு கார் நிற்கிற இடத்தில் நாலு தள்ளுவண்டி நிற்கும். அந்த நாலு வண்டியால் நாலு குடும்பம் பிழைக்கும். பல நூறு பேர் பசியாறுவார்கள். காரில் வந்தவர் ஒருவர் நிறுத்திவிட்டுப் போனால் அது "பார்க்கிங்". வண்டிக்காரி நின்றால் அது "ஆக்கிரமிப்பு". இது எந்த ஊர் நியாயம்?

ஆம்புலன்சுக்கு வழி வேண்டும், நடப்பவருக்குப் பாதை வேண்டும். நாமும் நடந்துபோகிறவர்கள்தான், மறுக்கவில்லை. எந்த இடத்தில் எத்தனை வண்டி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று வியாபாரிகளை உட்காரவைத்துப் பேசி முடிவுசெய்யுங்கள். அதற்குத்தானே அந்தக் குழு!

"சுத்தம் இல்லை" என்கிறார்கள். சுத்தம் தண்ணீரிலிருந்துதானே வரவேண்டும்? ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள். குப்பைத் தொட்டி வையுங்கள். மாலை நாலு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை நிற்கிற பெண்கள் எங்கே போய் ஒதுங்குவார்கள் என்று எந்தக் கனவானாவது ஒரு தடவை யோசித்ததுண்டா? தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவே பயந்து நிற்கிறார்கள் அந்தத் தாய்மார்கள். அதைப் படம் எடுத்துப் போடுங்கள் பார்ப்போம்!

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! வண்டிக்காரர் பிரச்னை வண்டிக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அந்த வண்டி போனால் மலிவாகப் பசியாற நமக்கு வேறு இடம் இல்லை. நாம் விளைவித்த கொத்தமல்லிக்கட்டும் கடலைக்காயும் விற்க அந்த வண்டிதான் வாசல். நமது வேலை போனால் நாம் போய் நிற்கப்போவதும் அங்கேதான்.

ஆகவே நாம் ஒன்றுசேர்ந்து கேட்போம்:

1. விடுபட்ட ஒவ்வொரு தெரு வியாபாரியையும் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடு!

2. நகர விற்பனைக் குழுவுக்கு முறையாகத் தேர்தல் நடத்து! தேர்ந்தெடுத்தவர்கள் பெயரை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதிவை!

3. நோட்டீஸ் இல்லாமல், மாற்று இடம் காட்டாமல் ஒரு வண்டியையும் தொடாதே!

4. கடைகள் கூடுகிற இடங்களில் தண்ணீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை கட்டு!

5. வங்கிக் கடனை வாசலுக்குக் கொண்டுவா! கந்துவட்டிச் சட்டத்தைப் புத்தகத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவா!

6. முதியோர் பென்ஷனில் மத்தியப் பங்கான 200 ரூபாயை மனிதர் பிழைக்கிற அளவுக்கு உயர்த்து!

இவை கேட்டால் கிடைக்குமா? தனியாகக் கேட்டால் கிடைக்காது. மில் வாசலில் பேசுவோம், களத்துமேட்டில் பேசுவோம், வண்டிக்காரர்களைச் சங்கத்தில் சேர்ப்போம். பறிமுதல் லாரி வந்து நிற்கிற அன்று, தின்று பழகிய நூறு பேர் வண்டியைச் சுற்றி நின்று "பட்டியல் எங்கே? நோட்டீஸ் எங்கே?" என்று கேட்டால் லாரி வந்த வழியே திரும்பிப் போகும்.

கனவான்களுக்கும் ஒரு வார்த்தை. அஸ்தம்பட்டிக்கு மறுபடியும் வாருங்கள். தட்டுவடை செட் சாப்பிடுங்கள். நொறுக்கல் ஒரு தட்டுச் சொல்லுங்கள். படமும் எடுங்கள். ஆனால் போவதற்கு முன் அந்த அம்மாளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அக்கா, உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்களா?"

அவர் சொல்கிற பதிலையும் படம் எடுத்து உலகத்துக்கு அறிவியுங்கள். அப்போது ஒப்புக்கொள்கிறோம், நீங்களும் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள் என்று!